பேர் தெரியாத நாலு பாஸ்தா பாக்கெட்டும், தட்டுக்கு அடியில நின்ன எண்ணெயும்

ஃப்ரெண்டு ஒருத்தன் இத்தாலி ட்ரிப் போயிட்டு வந்து நாலு பாக்கெட் பாஸ்தாவ கையில குடுத்தான், "நீ தான் சமையல் சமையல்னு சுத்துறியே, இத வச்சு என்னமாச்சும் பண்ணு"ன்னு. நாலுமே அதுவரைக்கும் நான் தொட்டதே இல்லாத ஷேப். ஒண்ணு சின்ன மணி மாதிரி, வாய்ப்பக்கம் முழுக்க ஃப்ரில் வச்சு தச்ச மாதிரி சுருக்கம். ஒண்ணு காது மடல் மாதிரி குழிஞ்சு. இன்னொண்ண ஸ்பகெட்டின்னு தான் நெனச்சேன், வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா நடுவுல ஊசி நுழையுற அளவுக்கு ஓட்டை. நாலாவது பெரிய குழாய், விரல உள்ள விட்டா தாராளமா சுத்தும். பாக்கெட் முழுக்க இத்தாலியன். எனக்குப் புரிஞ்சது வேகுற நிமிஷம் மட்டும் தான், அதுவும் நம்பர்ல போட்டிருந்ததால.

அதுவரைக்கும் என் பாஸ்தா உலகம் ரொம்ப சின்னது. ஸ்பகெட்டி, பென்னே, மக்ரோனி, அவ்ளோ தான். சாஸும் மூணு தான் தெரியும், தக்காளி, கிரீம், அப்புறம் பூண்டும் ஆலிவ் ஆயிலும். எதுல எத ஊத்துனாலும் சாப்புடுற மாதிரி வந்துரும், அதனால ஷேப்னா சும்மா அழகுக்குன்னு தான் நெனச்சிட்டு இருந்தேன். மாவு ஒண்ணு தானே, டூரம் கோதுமையும் தண்ணியும், அத எப்படி மடிச்சா என்ன, சுருட்டுனா என்ன.

அந்த நெனப்புல தான் மணிய முதல்ல எடுத்தேன். அக்கா அன்னிக்கு சாப்பிட வர்றதா சொல்லியிருந்தா. டைம் கம்மியா இருந்துச்சு, சரி பூண்டு ஆயில் சாஸ் போட்டுருவோம், ஸ்பகெட்டிக்கு அது ஒரு நாளும் சொதப்புனது இல்லேன்னு, பூண்ட மெல்லிசா சீவி, சில்லி ஃப்ளேக்ஸ் போட்டு, பொன்னிறமா வாசம் வர வரைக்கும் வதக்கி, வெந்த பாஸ்தாவ அதுல போட்டு பிரட்டி, தட்டுல வச்சேன். பாக்க அவ்ளோ அழகு. சின்னச் சின்ன மணியா பளபளன்னு.

அக்கா ரெண்டு வாய் சாப்பிட்டா. மூணாவது வாய்க்கு ஸ்பூன எடுக்கல, முள்கரண்டியால தட்ட ஒரு பக்கம் சாய்ச்சுப் பாத்தா. அடியில மஞ்சளா எண்ணெய் குளம் கட்டி நிக்குது, அதுல பூண்டு சீவல் எல்லாம் மிதக்குது. "என்னடா இது, சாஸ் தனியா கெடக்கு, பாஸ்தா குளிச்சிட்டு எந்திரிச்சு வந்த மாதிரி தனியா நிக்குது"ன்னா. சாப்பிட்டுப் பாத்தேன், நெஜமாவே வெறும் வேகவச்ச மாவு தான். போதாததுக்கு ஓரத்து ஃப்ரில் எல்லாம் கொழகொழன்னு, அடிக்காம்பு மட்டும் கடிக்கிறப்ப நறுக்குனு. எண்ணெய் மணிக்குள்ள போயிருக்கும், போன வழியிலயே வெளிய வந்திருக்கும், நடுவுல தங்குறதுக்கு அதுக்கு ஒரு காரணமும் இல்ல.

அப்ப தான் யோசிச்சேன், அப்போ ஸ்பகெட்டில மட்டும் எப்படி ஒட்டுச்சு? ஸ்பகெட்டி தனியா நிக்கிறதே இல்ல, அது தான் விஷயம். முள்கரண்டில சுத்துறப்ப பத்து இருபது இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி படுக்குது, அந்த இடுக்குல எண்ணெய் மாட்டிக்குது, அப்படியே வாய்க்கு வந்துருது. துண்டு பாஸ்தால பக்கத்துல ஒட்டிப் படுக்க ஆள் கிடையாது, ஒவ்வொண்ணும் அது அது பாட்டுக்கு தனியா நிக்கும், சாஸ அதுவே புடிச்சு வச்சுக்கணும், இல்லேன்னா வழிஞ்சு போயிரும்.

அன்னிக்கு ராத்திரி மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வைக்கப் போனப்ப, முந்தின நாளு பண்ண காளான் கிரீம் சாஸ் ஒரு கிண்ணத்துல கெடந்துச்சு. அக்கா அதுல ஒரே ஒரு மணிய முக்கி எடுத்து லைட்டுக்கு நேரா புடிச்சா. "இத பாருடா." பாத்தேன். ஃப்ரில் மடிப்பு ஒவ்வொண்ணுலயும் கிரீம் கோடு கோடா ஏறி நிக்குது, மணி வாய்க்குள்ள பொடிசா நறுக்குன காளான் ரெண்டு துண்டு போயி உக்காந்திருக்கு, தலைகீழா கவுத்தாலும் விழல. வாயில போட்டா ஒரே கடியில எல்லாம் இருக்கு. கம்பனெல்லேன்னு பேரு, இத்தாலியன்ல சின்ன மணின்னு அர்த்தம், சில பாக்கெட்ல இதயே லில்லிப் பூன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஜில்லின்னும் போட்டிருப்பாங்க. அதுக்கு வேண்டியது கொஞ்சம் கெட்டியான, பொடிப்பொடி துண்டு இருக்குற சாஸ். நான் குடுத்தது எண்ணெய்.

அதுல இருந்து தெரியாத ஷேப் எது வந்தாலும் நான் ஒரு வேல பண்றேன், இத படிக்கிறவங்க வேற எத மறந்தாலும் இத மட்டும் பண்ணிப் பாருங்க. முழு பாக்கெட்ட கொட்டுறதுக்கு முன்னாடி ஆறு துண்டு மட்டும் தனியா வேகவைங்க. மூணு சின்ன கிண்ணம் எடுத்துக்கோங்க, ஒண்ணுல வெறும் ஆலிவ் ஆயில், ஒண்ணுல கட்டியில்லாத தக்காளி சாஸ், ஒண்ணுல துண்டு துண்டா ஏதாவது கெடக்குற கெட்டி சாஸ், பழைய மிச்சம் எதுவா இருந்தாலும் பரவால்ல. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு துண்ட முக்கி, தூக்கி, மனசுக்குள்ள அஞ்சு எண்ணி, லேசா ஒரு உதறு. என்ன விழுது, என்ன தங்குதுன்னு பாருங்க. அப்புறம் கடிங்க. கடிக்கிறப்ப பாஸ்தா ருசி மேல வருதா, சாஸ் ருசி மேல வருதா, ரெண்டும் சேந்து வருதான்னு நாக்கே சொல்லிரும். எந்த சார்ட்டும் இத விட நல்லா சொல்லாது, ஏன்னா சார்ட் போட்டவங்க உங்க சாஸ் எவ்ளோ கெட்டின்னு பாத்ததில்ல.

ரெண்டாவது பாக்கெட் காது மடல், ஒரெக்கியெத்தே, பேருக்கு அர்த்தமே சின்னக் காது தான். தெற்கு இத்தாலில இருக்குற புலியா பக்கத்து ஐட்டம். இதுல சாஸுக்கு முன்னாடி வேகவைக்கிறதுலயே அடி வாங்குனேன். சின்ன சட்டி, தண்ணி கம்மி, கொட்டிட்டு போன் பாக்கப் போயிட்டேன். வந்து பாத்தா டம்ளர அடுக்கி வச்ச மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயி உக்காந்து ஆறேழு காது சேந்து ஒரே கட்டி. வெளிய இருக்குறது வெந்துருச்சு, உள்ள இருக்குறது பச்சை மாவு. குழிஞ்ச ஷேப் எதுவா இருந்தாலும் தண்ணி தாராளமா இருக்கணும், போட்ட முதல் ரெண்டு நிமிஷம் கரண்டிய வெளிய எடுக்கவே கூடாது. அதுக்கப்புறம் மேல் மாவு கொஞ்சம் வெந்து ஒட்டுற தன்மை கொறஞ்சுரும், அப்புறம் போன் பாக்கலாம்.

சாஸுக்கு மூணு கிண்ண டெஸ்ட் போட்டேன். தக்காளி சாஸ் மோசமில்ல, ஆனா குழிக்குள்ள கொஞ்சமா தேங்கி அதோட நின்னுருச்சு, அந்தத் தடிமனான மாவுக்கு அது பத்தல. ஒரெக்கியெத்தே நல்லா மென்னு திங்கிற பாஸ்தா, நடுவுல மெல்லிசு, ஓரம் தடிமன், அவ்ளோ மாவுக்கு ஈடு குடுக்குற மாதிரி காரமோ கசப்போ உப்போ ஏதாவது ஒண்ணு தூக்கலா இருக்கணும். புலியால இதுக்கு சீமே தி ராப்பான்னு ஒரு கசப்புக் கீரைய, பாஸ்தா வேகுற அதே தண்ணியில வேகவச்சு, பூண்டு, மொளகா, ஆன்சோவின்னு நெத்திலி மாதிரி ஒரு உப்பு மீன் போட்ட எண்ணெயில சேத்துப் பிரட்டுறாங்க. அந்தக் கீரை கிடைக்கலேன்னா ப்ரோக்கோலி. நான் ப்ரோக்கோலிய அழகா பச்சையா நறுக்குனு வைக்கப் பாத்தேன், தப்பு, பெரிய பூ எல்லாம் காதுக்குள்ள போகவே இல்ல. அடுத்த தடவ கரண்டியால நசுக்குனா மசியுற அளவுக்கு வேகவிட்டேன். பாக்க ஒண்ணும் சொல்லிக்கிற மாதிரி இல்ல, ஆனா ஒவ்வொரு காதுலயும் ஒரு ஸ்பூன் மாதிரி பச்சை மசியல் நெறஞ்சு வந்துச்சு, எண்ணெயும் அந்த மசியலோட சேந்து கெட்டியாகி ஒட்டிக்கிச்சு. அதே எண்ணெய் தான், மணியில வழிஞ்சு ஓடுன அதே எண்ணெய், புடிச்சுக்க ஒரு ஆள் கெடச்சதும் நின்னுருச்சு.

இதுல நான் கத்துக்கிட்டது துண்டோட சைஸு. சாஸ்ல நீங்க என்ன நறுக்கிப் போட்டாலும் அது பாஸ்தாவோட குழிக்குள்ள போகணும், இல்லேன்னா பாஸ்தா துண்டு சைஸுக்கே இருக்கணும், முள்கரண்டில ஒரு குத்துல ரெண்டும் சேந்து வர்ற மாதிரி. நடுவுல ஒரு சைஸ்ல இருந்தா கடைசில தட்டுல காய் மட்டும் மிஞ்சும். சங்கு ஷேப்ல வர்ற கொங்கீலியேல பட்டாணிய போட்டுப் பாருங்க, அதுவே போயி உள்ள ஒளிஞ்சுக்கும், தேடித் தேடி சாப்பிடலாம்.

மூணாவது தான் ஓட்டை போட்ட ஸ்பகெட்டி, புக்காட்டினி. இது ஒரு வெள்ளச் சட்டைய காவு வாங்குன பாஸ்தா. வழக்கம் போல பெரிய துண்டா குடைமிளகாயும் கத்திரிக்காயும் நறுக்கிப் போட்டு தக்காளி சாஸ் பண்ணியிருந்தேன். புக்காட்டினி ஸ்பகெட்டி மாதிரி பணிவா சுத்திக்காது, ஸ்பிரிங் மாதிரி வெரச்சிக்கிட்டு நிக்கும், பாதி சுத்துறப்ப ஒரு இழை அவுந்து விசிறும், சாஸ் தண்ணியா இருந்தா அது சட்டையில தான். சரி உறிஞ்சுவோம்னா நடுவுல ஓட்டை இருக்குறதால காத்து தான் வருது, விசில் சத்தம் வேற. காய் எல்லாம் தட்டுலயே நின்னுருச்சு.

ஓட்டைக்குள்ள சாஸ் போகும், அதனால ருசின்னு நெறைய பேரு சொல்லக் கேட்டிருக்கேன். ஒரு சந்தேகத்துல நாலு இழைய கத்தியால நீளவாக்குல கீறிப் பாத்தேன், முனையில கொஞ்சம் செவப்பு, மத்தபடி உள்ள சாஸும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த ஓட்டையோட நெஜ உபயோகம் வேகுறப்ப தான், தடிமனான இழைக்குள்ள தண்ணி போயி உள்ளயும் வெளியயும் ஒரே மாதிரி வேகும். சாஸ் ஒட்டுறது என்னவோ வெளிய தான். அதனால வழவழன்னு, ஒட்டுற மாதிரி, பெரிய துண்டு இல்லாத சாஸ் வேணும், ஆனா இழை தடிமனா இருக்குறதால ருசி கனமா இருக்கணும். ரோம்ல இதுக்கு அமாத்ரிச்சானா போடுறாங்க, பன்றிக் கன்னத்துக் கறிய உப்பு போட்டு பதப்படுத்துன குவான்சாலேவ மெல்லிசு துண்டா வறுத்து, அந்தக் கொழுப்புலயே தக்காளி, மேல பெக்கொரினோ சீஸ். கொழுப்பும் சீஸும் சேந்து தக்காளிய ஒரு பசை மாதிரி ஆக்கிரும், விசிறுனாலும் தெறிக்காது. கறி வேண்டாம்னா வெண்ணெய், பொடிசா நறுக்கி நல்லா கரைய வதக்குன வெங்காயம், கடைசில சீஸ், இதே வேலைய அதுவும் செய்யும்.

பெரிய குழாய் பாக்கெரி. நேப்பிள்ஸ் பக்கம், அறைன்னு அர்த்தம் வர்ற வார்த்தைல இருந்து வந்த பேராம், தட்டுல விழுறப்ப பளார்னு சத்தம் வர்றதால. இதுல எனக்கு ரெண்டு பிரச்னை. கொதி அதிகமா விட்டு வடிகட்டில வேகமா கொட்டுனேன், பாதி குழாய் நீளவாக்குல கிழிஞ்சுருச்சு. இப்பல்லாம் கொதிய கொறச்சு, ஜல்லிக்கரண்டியால அள்ளி நேரா சாஸுக்கு மாத்திர்றேன். இன்னொண்ணு, கொத்துக்கறி சாஸ வறட்டியா பண்ணி வச்சிருந்தேன், குழாய் வெந்ததும் அமுங்கி தட்டையா படுத்துருச்சு, உள்ள எதுவும் போகல. சாஸ் குழம்பு மாதிரி ஓடணும், ஆனா கனமா இருக்கணும், அப்ப தான் பிரட்டுறப்ப குழாய் திறந்து உள்ள வாங்கிக்கும். பாக்கெரி ஒவ்வொண்ணும் ஒரு முழு வாய், அதனால பெரிய கறித்துண்டு, எறா, வளையமா நறுக்குன கணவாய் எல்லாம் தாராளமா போடலாம், இங்க தான் பெரிய துண்டுக்கு மரியாத. நேப்பிள்ஸ்ல இதுக்குப் போடுற ஜெனோவேசேன்னு ஒரு சாஸ் இருக்கு, மலை மாதிரி வெங்காயமும் மாட்டுக்கறியும் மணிக்கணக்கா கம்மி தீயில வெந்து வெங்காயம் மொத்தமா கரைஞ்சு ஜாம் மாதிரி ஆயிரும். பேரு தான் ஜெனோவா, ஆனா அந்த ஊரு சாஸ் இல்ல இது. அந்த ஜாம் பதம் தான் பெரிய குழாய்க்கு அப்படியே பொருந்துது, உள்ளயும் போகும், திரும்ப வெளிய ஓடவும் ஓடாது.

நாலு பாக்கெட் முடிஞ்சப்போ ஒரு பைத்தியம் புடிச்சுருச்சு, கண்ணுல பட்ட புது ஷேப் எல்லாம் வாங்க ஆரம்பிச்சேன். அப்ப தான் பேர்லயே குறிப்பு இருக்குன்னு புரிஞ்சுது. கடைசில இனி, இனேன்னு வந்தா சின்னது, ஓனின்னு வந்தா பெருசு, ரிகாத்தேன்னு போட்டிருந்தா மேல கோடு கோடா வரி இருக்கும், லிஷேன்னா வழவழ, மெஸ்ஸேன்னு முன்னாடி வந்தா பாதியா வெட்டுனது. வரி இருக்குறது பெரும்பாலும் சாஸ கொஞ்சம் கூட புடிச்சுக்கும், அதுக்காக வழவழ குழாய மட்டம்னு சொல்ல மாட்டேன், ஏன்னா அதுக்குள்ள இன்னொரு விஷயம் இருக்கு.

ஒரே ஷேப்ப ரெண்டு வேற வேற கம்பெனில வாங்கி வச்சிருந்தேன், ரெண்டும் வரி இல்லாத பென்னே. ஒண்ணு நல்ல மஞ்சளா, பிளாஸ்டிக் மாதிரி மின்னுச்சு. இன்னொண்ணு வெளுத்துப் போயி, மேல மாவு தூவுன மாதிரி, விரல்ல தேச்சா உப்புத்தாள் கணக்கா லேசா சொரசொரப்பு. ஒரே சாஸ், ஒரே அளவு. மின்னுனதுல சாஸ் வழுக்கிருச்சு, வெளுத்ததுல ஒட்டிக்கிச்சு. மாவ அழுத்தி வெளிய தள்ளுற அச்சு வெண்கலமா இருந்தா மேல்பக்கம் சொரசொரன்னு வரும், டெஃப்லான் பூசுன அச்சா இருந்தா வழவழன்னு வரும், அவ்ளோ தான் வித்தியாசம். வெண்கல அச்சுல செஞ்சிருந்தா பெரும்பாலும் பாக்கெட்லயே பெருமையா போட்டுருவாங்க. இன்னொரு லாபம், சொரசொரப்பு பாஸ்தா வேகுற தண்ணியில மாவு அதிகமா கரையும், அந்தத் தண்ணி தான் சாஸ ஒட்டவைக்கிற பசை. கையில இருக்குறது மின்னுற பாஸ்தாவா இருந்தா சாஸ ஒரு மடங்கு கெட்டியா பண்ணிக்கோங்க, இல்ல சீஸ் சேத்துக்கோங்க, வேற வழியில்ல.

அந்தத் தண்ணி விஷயத்துல நான் ரொம்ப நாள் முட்டாளா இருந்திருக்கேன், முழுசா சிங்க்ல கொட்டிருவேன். இத்தாலிக்காரங்க கணக்கு ஈஸி, 100 கிராம் பாஸ்தாக்கு 1 லிட்டர் தண்ணி, 10 கிராம் உப்பு. நான் தண்ணிய கொஞ்சம் கொறச்சே வைப்பேன், மாவு நல்லா எறங்கும்னு, உப்பையும் அதே கணக்குல கொறச்சுருவேன், காது மடல் மாதிரி ஒட்டுற ஷேப்புக்கு மட்டும் முழு தண்ணி. பாக்கெட்ல போட்ட நிமிஷத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே எடுத்து சாஸ் இருக்குற வாணலில போட்டு, ஒரு குழிக்கரண்டி அந்தத் தண்ணிய ஊத்தி, தீய கூட்டி பிரட்டுனா எண்ணெயும் தண்ணியும் பிரியாம பால் மாதிரி ஒண்ணா சேந்து வரும். ஷேப்புக்கு ஏத்த மாதிரி சாஸ திருத்துறதே இந்த எடத்துல தான். ஃப்ரில் மடிப்பு இருக்குற ஷேப்புக்கு கொஞ்சம் எளக்கமா விடுவேன், கெட்டியா இருந்தா மடிப்பு வாய அடைச்சு மேலயே நின்னுரும். வழவழ குழாய்க்கு வத்தவிடுவேன். மணி பாஸ்தால ஃப்ரில் கொழஞ்சு காம்பு வேகாம இருந்துச்சே, அதுக்கும் இது தான் மருந்து, காம்ப கடிச்சுப் பாத்து இன்னும் கொஞ்சம் கெட்டியா இருக்குறப்பவே எடுத்து மிச்சத்த சாஸ்ல வேகவிடணும், கொதிக்குற தண்ணியில அடிபடாததால ஃப்ரில் கிழியாது.

ஷேப் எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி வேல முடிஞ்சுரும், அந்த ஊர்ல என்ன சாஸோ அதுவே தொடக்கம். இத்தாலியோட வடமேற்குக் கடலோரம் லிகூரியால இருந்து வர்ற த்ரோஃபியேன்னு ஒண்ணு, முறுக்கிவிட்ட சின்ன நூல் மாதிரி, அதுக்கு அந்த ஊரு பேசில் பெஸ்தோ, கூடவே உருளைக்கிழங்கும் பீன்ஸும் அதே சட்டில வேகும். முறுக்கு இடுக்குல பச்சை விழுது போயி உக்காருறத பாத்தா இது ரெண்டும் ஒண்ணுக்காகவே ஒண்ணு பொறந்த மாதிரி இருக்கும். பெஸ்தோவ மட்டும் அடுப்புல வச்சு சுடவைக்காதீங்க, நான் வச்சேன், கறுத்துப் போயி புல்லு வாசம் அடிச்சுது. வெனிஸ் பக்கத்து பிகோலி தடிச்ச நீளப் பாஸ்தா, அதுக்கு வெங்காயமும் ஆன்சோவியும் கரைச்ச சாஸ். அதே மாதிரி தடிச்ச இழைக்கு எல்லாம் இந்த மாதிரி உப்பும் இனிப்பும் கனமா இருக்குற சாஸ் பொருந்தும்னு அங்கேர்ந்து நானே எடுத்துக்கிட்டேன். முடி மாதிரி மெல்லிசா இருக்குற கப்பெல்லீனிக்கு நேர் எதிரு, ஒரு தடவ கொத்துக்கறி சாஸ மேல கொட்டுனேன், பாரம் தாங்காம மொத்தமும் பிசைஞ்ச மாவு உருண்டை ஆயிருச்சு.

கொத்துக்கறின்னதும் ஒரு விஷயம். ஸ்பகெட்டி போலோனீஸ்னு உலகம் முழுக்க சாப்பிடுறோம், ஆனா போலோனியால அந்தக் கறி சாஸ ஸ்பகெட்டில ஊத்துறது வழக்கமில்ல, பட்டையா ரிப்பன் மாதிரி இருக்குற முட்டை பாஸ்தா டாலியாட்டெல்லேல தான். அந்த ரிப்பனோட அகலத்தையே 1972ல அந்த ஊரு வணிக சபைல பதிஞ்சு வச்சிருக்காங்க, வெந்த பிறகு 8 மில்லிமீட்டர், ஊர்ல நிக்கிற அசினெல்லி கோபுரத்து உயரத்துல 12,270ல ஒரு பங்கு. சாஸோட செய்முறையையும் 1982ல பதிஞ்சாங்க. எனக்கு முதல்ல சிரிப்பு தான் வந்துச்சு, ஒரு பட்டை அகலத்துக்கு இவ்ளோ அலப்பறையான்னு. அப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சாப்பிட்டேன். ஸ்பகெட்டி வழுக்கி மேல வந்துருது, கறி மணல் மாதிரி அடியில எறங்கிருது. டாலியாட்டெல்லே பட்டையா இருக்குறதால கறிய மேல ஏத்திக்கிது, முட்டை மாவு கொஞ்சம் ஈரத்த உறிஞ்சுற ரகம், அதனால சாஸும் மாவும் சேந்தே வருது. சிரிச்சத வாபஸ் வாங்கிக்கிட்டேன்.

ஆனா ஊரே இல்லாத ஷேப்பும் இருக்கே, அத என்ன பண்றது. ஜோர்ஜெத்தோ ஜுஜாரோன்னு பெரிய கார் டிசைனர், முதல் வோக்ஸ்வேகன் கோல்ஃப் எல்லாம் வரைஞ்ச மனுஷன், 1983ல வொயெல்லோ கம்பெனிக்காக மரில்லேன்னு ஒரு பாஸ்தா வரைஞ்சாரு, பாக்க ரப்பர் பீடிங் வெட்டி வச்ச மாதிரி இருக்கும், சந்தைல நிக்கல. 2021ல டான் பாஷ்மன்னு ஒரு அமெரிக்க பாட்காஸ்ட்காரரு கஸ்கதெல்லின்னு ஒண்ணு கொண்டுவந்தாரு, அருவின்னு அர்த்தம் வர்ற வார்த்தைல இருந்து எடுத்த பேரு, பாதிக் குழாய், ரெண்டு ஓரத்துலயும் ஃப்ரில், நடுவுல ஒரு பள்ளம். மூணு வருஷம் மெனக்கெட்டு, மூணே கேள்விய வச்சு பண்ணாரு, முள்கரண்டில நிக்கிதா, சாஸ் ஒட்டுதா, கடிக்க நல்லாருக்கா. இந்த மாதிரி பாஸ்தாவ கையில எடுத்தா எந்தப் பாட்டிகிட்டயும் கேக்க முடியாது, மூணு கிண்ணம் தான் கதி.

முன்னாடி சொன்ன மாதிரி முக்கிப் பாக்கவும் பொறுமை இல்லாதப்ப, பாஸ்தாவ கையில வச்சு ஒரே கேள்வி கேப்பேன், இதுல சாஸ் எங்க போயி உக்காரும்னு. உக்கார எடமே இல்ல, வழவழன்னு நீளமா இருக்கா, எண்ணெய், வெண்ணெய், மெல்லிசான தக்காளி, மட்டி வெந்த தண்ணி. முறுக்கோ வரியோ இருக்கா, விழுது, பெஸ்தோ மாதிரி. ரேடியேட்டர் மாதிரி தட்டு தட்டா அடுக்கி இருக்குற ரேடியாட்டோரியா, சீஸ் கிரீம், வேற எதையும் நெனச்சுக் கூடப் பாக்காதீங்க. ரெண்டு ஓரமும் அலையடிக்கிற ரிப்பன், இளவரசி மஃபால்டா பேர்ல இருக்குற மஃபால்தினே, இது கொஞ்சம் குழப்படி, நடுவுல டாலியாட்டெல்லே மாதிரி பட்டை, ஓரத்துல மணி மாதிரி ஃப்ரில், எனக்கு இன்னும் ஒழுங்கா புடிபடல, இப்போதைக்கு ரிக்கோட்டா சீஸ் கலந்த தக்காளி சாஸ்ல ஓடிட்டு இருக்கு.

இந்த டெஸ்ட்டால ஒரே ஒரு தொல்லை, எல்லா பாக்கெட்லயும் ஒரு கைப்பிடி மிஞ்சும், எதுவும் ஒரு ஆளுக்குக் கூட பத்தாது. அதையெல்லாம் ஒரே பாட்டில்ல கொட்டி வச்சிருந்தேன், மணி, காது, ஒடிச்ச புக்காட்டினி, சங்கு எல்லாம் கலந்து. நேப்பிள்ஸ்ல இப்படி கலந்த பாஸ்தாவுக்கே பாஸ்தா மிஸ்தான்னு பேரு இருக்கு, ஒரு காலத்துல கடைல பாஸ்தாவ சில்லறையா வித்தப்ப அடியில மிஞ்சுன ஒடசல கம்மி காசுக்கு குடுப்பாங்களாம், அத உருளைக்கிழங்கோ பீன்ஸ் பருப்போ போட்டு ஒரே சட்டில வேகவைப்பாங்க. போன வாரம் அத பண்ணேன். உருளைக்கிழங்க சின்ன சதுரமா நறுக்கி, வெங்காயம், கொஞ்சம் தக்காளி, தண்ணி கொதிச்சதும் பாட்டில கவுத்துட்டேன், வடிக்கிற வேலையே இல்ல. மெல்லிசா இருக்குறது குழைஞ்சு சாஸா மாறிருச்சு, தடிச்சது கடிக்க நின்னுச்சு, இத்தன நாளு எத எதோட சேக்கணும்னு நான் பட்ட பாட்டுக்கு இங்க ஒரு அர்த்தமும் இல்ல.

அக்கா அன்னிக்கும் வந்திருந்தா. தட்ட சாய்ச்சுப் பாத்தா, அடியில ஒண்ணும் நிக்கல. அப்புறம் முள்கரண்டில ஒரே ஒரு மணிய தூக்கிக் காட்டுனா, வாய்க்குள்ள சரியா ஒரு உருளைக்கிழங்குத் துண்டு மாட்டியிருந்துச்சு. "இன்னொண்ணு இருக்காடா?"ன்னு கேட்டுட்டு என் தட்டுல தேட ஆரம்பிச்சுட்டா.